ஒரே ஒரு வேலைதான் பாக்கி

கீழ்வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கிக்கொண்டே தன் வேனைச் சுற்றி வருவார். வாயில் பிரஷ், தோளில் துண்டு. வலது கை விரல் முட்டியால் வேனின் உடம்பை இடம் இடமாகத் தட்டி, காதை ஒட்டி வைத்துக் கேட்பார். சத்தம் கெட்டியாக வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார். பொத்தென்று வந்தால் துருவை மறைக்கப் பூசிய பட்டி உள்ளே உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அன்று மாலை அந்த இடத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பு உண்டு. நுரையைத் துப்பக்கூட மறந்து அவர் அப்படி நிற்பதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வேனுக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"மேலுக்குப் பளபளன்னு இருக்கும் சார். உள்ளுக்குள்ள துரு தின்னுக்கிட்டு இருக்கும். தட்டினாத்தான் வாயத் தெறக்கும்," என்பார். இதை நுரையோடு சொல்வதால் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை என் சட்டை வாங்கிக்கொள்ளும்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். நகரத்து உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அவர் குடியிருப்பதோ தரைத்தளம். "நாள் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வர்றவனுக்கு வீடாவது ஒரு எடத்துல நிக்கட்டும்," என்பது அவர் கொள்கை. நான் அவருக்கு நேர் மேலே, முதல் மாடி. ஜன்னலோரம் என் மேசை. மேசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தால் காகிதம் தெரியும், இன்னும் கொஞ்சம் குனிந்தால் அவருடைய வேன் தெரியும். அந்த வேன் வருவதற்கு முன் அதே இடத்தில் என் ஸ்கூட்டர் நிழலில் நின்றுகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

அது சாதாரண வேன் இல்லை. கூரை எழும்புகிற வேன். உள்ளே நின்று இரண்டு கொக்கிகளை விடுவித்து மேலே தள்ளினால் கூரை அப்படியே உயரும்; சுற்றிலும் மடித்து வைத்த கித்தான், ஜன்னல் வைத்த சுவர்போல விரியும். கூரைக்கும் வேனுக்கும் நடுவில் பலகை போட்ட ஒரு படுக்கை. கீழே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தரையிலிருக்கிற படியில் கால் வைத்து, தலை நுழைகிற அளவு திறப்பு வழியாக மேலே ஏறிப் படுக்கலாம். விற்றவர் இதையெல்லாம் செய்து காட்டியபோது கூரை பாதி வழியில் நின்றுவிட்டது. கித்தான் மடிப்பிலிருந்து காய்ந்த பறவைக் கூடு ஒன்று விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பி நடந்திருப்பார்கள். லிஃப்ட்காரர் ஜன்னல் இடுக்கில் விரலைவிட்டு ஒரு சிட்டிகை மணலை எடுத்தார். கடற்கரை மணல். அதை ஒரு பொட்டலமாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டியிருக்கிறார்.

"பாத்தியா? இதுக்கு வழி தெரியும்."

வழி தெரிந்த அந்த வேன், இழுவை வண்டியின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஏன் வாங்கினார் என்பதற்குக் காரணம் அவர் மனைவி. அந்த அம்மாள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். காலையிலிருந்து இரவு வரை வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்தைக் காட்டி, "இது தெரியுதா? இப்ப? இதைவிட அது தேவலையா?" என்று கேட்பதுதான் வேலை. ஊரார் பார்வையைச் சரிசெய்கிற அவருக்குக் கல்யாணம் ஆன நாளாய்ப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் உறவுக்காரர் கல்யாணங்களும் ஆஸ்பத்திரி வராந்தாக்களும்தான். ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "காலைல கண்ண முழிச்சா எதிர்ல தண்ணி இருக்கணும். எந்திரிச்சு, செருப்பத் தேடிப் போட்டுக்கிட்டு, நடந்து போயிப் பாக்கக் கூடாது. படுத்த வாக்குல, தலகாணியில இருந்தே பாக்கணும்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது போதாதா? இவருக்குத் தூக்கம் போயிற்று.

வேன் வந்த மறுநாள் கூரையைச் சரிசெய்தார். கீல்களைக் கழற்றித் துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டார். கூரையைத் தாங்கும் கேஸ் ராடுகளுக்கு மாற்று கிடைக்கவில்லை என்று வேறு அளவில் வாங்கி, அடியில் தானே வெட்டிய இரும்புத் துண்டைக் கொடுத்துப் பொருத்தினார். அந்தக் கூரை எழுந்த அழகைப் பார்க்கக் கட்டடமே திரண்டது. ஒரு சத்தமில்லை, ஒரு குலுக்கலில்லை. நான்கூட என் ஸ்கூட்டரை ஒரு நிமிஷம் மறந்து பாராட்டினேன். அவர் கூச்சத்தோடு கைகளைத் துடைத்துக்கொண்டு, "ஏத்துறதுல என்ன சார் இருக்கு? எந்த லிஃப்டையும் மோட்டார் ஏத்திடும். வயித்துல தெரியாம எறக்குறதுலதான் வேலையே இருக்கு," என்றார்.

அவர் நல்ல உயரம். கூரையைத் தூக்கி வைத்தால்தான் வேனுக்குள் நிமிர்ந்து நிற்க முடியும். ஆகவே தூக்கிய கூரை தூக்கியபடியே நின்றது. மேலே மதில் சுவருக்கும் எங்கள் சன்ஷேடுக்கும் குறுக்கே தார்ப்பாய் கட்டிக்கொண்டார். மழை பெய்தது, வெயில் அடித்தது, அடுத்த மழையும் வந்துவிட்டுப் போயிற்று. வேலை நடந்தது. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்:

"முடிஞ்சிருச்சு சார். ஒரே ஒரு வேலைதான் பாக்கி."

அந்த ஒரே ஒரு வேலை வாரா வாரம் மாறும். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி. ஒருமுறை தொட்டியை மறைக்கிற பலகை. இன்னொருமுறை பலகையைத் திறக்கிற கைப்பிடி. கைப்பிடி மட்டும் கடையிலிருந்து வரவில்லை, அவர் வீட்டுச் சமையலறை இழுப்பறையிலிருந்து வந்தது. அதன் பிறகு வீட்டு இழுப்பறையைக் கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. வேன் வளர வளர வீடு இளைத்தது. படுக்கையறைத் திரை வேனுக்குப் போனது. படுக்கையறைக்குப் பழைய போர்வை வந்தது. கிழிந்த கித்தானைத் தைக்கிறேன் என்று மனைவியின் தையல் மெஷினில் உட்கார்ந்து வீட்டிலிருந்த ஊசிகளையெல்லாம் உடைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்வீட்டிலிருந்து என் காதுக்கு வருகிற உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஏங்க, வடிகட்டி எங்க?"

"வேன்ல."

"கத்திரிக்கோல்?"

"வேன்ல."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"வேன்லதாம்மா."

அந்த அம்மாளின் தம்பிக்கு டைல்ஸ் கடை. நல்ல மனிதர், நல்ல எடை. வரும்போதெல்லாம் வேனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மாமா, இதுக்கு ஆன செலவுல கடலையே இங்க கொண்டாந்திருக்கலாம்," என்பார். லிஃப்ட்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மைத்துனரின் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, "சும்மாதானே நிக்கிற மச்சான்? அந்த மூலையக் கொஞ்சம் தேயேன்," என்பார். மைத்துனர் வருகை படிப்படியாகக் குறைந்தது.

படுக்கைதான் அவர் உயிரை வைத்துச் செய்தது. அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி. கடை கடையாக மெத்தைகளைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, ஒன்றும் தேறாமல், கெட்டி ஃபோம் ஒரு அடுக்கு, மெத்தென்ற ஃபோம் ஒரு அடுக்கு வாங்கி, மேலே ஏறி உட்கார்ந்து அங்கேயே ஒட்டினார். வெயில் இறங்காமலிருக்கக் கூரையின் உள்பக்கம் காப்புத் தகடு, அதன்மேல் மெல்லிய பிளைவுட். புழுங்காமலிருக்க ஒரு குட்டி மின்விசிறி. ஒரு விளக்கு. தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்தட்டு. அது மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கு. கண்ணாடி இல்லாமல் அந்த அம்மாளுக்குக் கடலும் ஒன்றுதான் காம்பவுண்டுச் சுவரும் ஒன்றுதான். "கண்ணத் தெறக்கிறதுக்கு முன்னாடியே கை கண்ணாடிய எடுத்துரணும் சார். எடுத்து மாட்டிக்கிட்டு அப்புறம் தெறக்கணும்," என்று என்னை மேலே ஏற்றிப் படுக்கவைத்து, கண்ணை மூடச்சொல்லி ஒத்திகை பார்த்தார். அப்படிப் படுத்த வாக்கில் கித்தான் ஜன்னல் வழியாக நான் பார்த்தது என் சொந்த ஜன்னலை.

போன மாதம் கண்ணாடிக் கடைக்குப் புது வர்ணம் அடிக்க முடிவாயிற்று. கடை சில நாள் மூடல். அந்த அம்மாளுக்கு விடுமுறை. அதே நாட்களில் தம்பி குடும்பத்தோடு கடலுக்குப் போவதாக இருந்தார். "அக்கா, நீயும் வா. லாட்ஜ்ல கட்டில் ஒண்ணு கூடப் போடுவாங்க. ஜன்னல்ல எட்டிப் பாத்தா ஓரமாக் கடல் தெரியும்," என்று போன் செய்திருக்கிறார்.

அந்த அம்மாள் கணவரிடம் சொன்னார். சண்டை பிடிக்கிற குரலில் இல்லை, கடையில் எழுத்தைக் காட்டிக் கேட்கிற குரலில். "அன்னிக்குக் காலைல வேன் கிளம்பினா வேன்ல வர்றேன். கிளம்பலைன்னா தம்பி கார்ல போயிர்றேன். கோவிச்சுக்கக் கூடாது. இந்த லீவ விட்டா இனி எப்ப கெடைக்கும்னு எனக்கே தெரியாது."

அன்றிலிருந்து லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். மெக்கானிக் வந்தார், பிரேக் பார்த்தார், டயர் மாற்றினார். சொன்ன காலையில் தார்ப்பாய் அவிழ்ந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முதல் முறுக்கிலேயே பிடித்துக்கொண்டது. சமையல் சாமான், துணி, தண்ணீர், மடக்கு நாற்காலி என்று வேனின் அடிவயிறு நிரம்பியது. தம்பியின் கார் தெருவில் வந்து நின்றது. உள்ளே அவர் மனைவியும் பிள்ளைகளும். தம்பி மட்டும் இறங்கி, பந்தயம் பார்க்க வந்தவர்போல் மதிலில் சாய்ந்துகொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் லிஃப்ட்காரர். உள்ளே போய்க் கூரையின் பிடிவாரை இழுத்தார்.

கூரை இறங்கியது. அவர் சொன்னது வீண்பேச்சில்லை. வயிற்றில் தெரியாத இறக்கம். கித்தான் தானாக உள்பக்கம் மடிந்தது. மெதுவாக, மெதுவாக வந்து, மூடுவதற்கு நாலு விரல் இருக்கும்போது நின்றுவிட்டது.

இழுத்தார். வரவில்லை. வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல," என்றார். பல் டாக்டர்கள் இதே குரலில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "தெறந்து வச்சே எல்லா வேலையும் பாத்துட்டேன் சார்."

ஆமாம். மெத்தை தடிமனாயிற்று, கூரை உள்பக்கம் தடிமனாயிற்று, விளக்கும் விசிறியும் தட்டும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்தார். எல்லா அளவும் கூரை மேலே இருந்தபோது எடுத்தவை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் இறக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர், தன் வேன் கூரையை ஒருதரம்கூட இறக்கிப் பார்க்கவில்லை.

"அமுக்கினா உக்காந்துரும் மாமா," என்று தம்பி முன்வந்தார். மதிலில் ஏறி, அங்கிருந்து கூரைக்கு மாறி, மெதுவாக உட்கார்ந்தார். கூரை அடங்கியது. கொக்கிகூட மாட்டிவிட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் இறங்கியதும் கொக்கி பட்டென்று தெறித்து, கூரை பழையபடி நாலு விரல் எழுந்தது.

லிஃப்ட்காரர் சற்று யோசித்தார். "மச்சான், அப்படியே உக்காந்து வர்றியா? மெதுவாத்தான் ஓட்டுவேன்."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

திருப்புளி வந்தது. முதலில் விசிறி இறங்கியது. அடுத்தது விளக்கு. கண்ணாடித் தட்டின் திருகுகளைக் கழற்றும்போது மட்டும் அவர் கை தயங்கியது. "விடுங்க, கண்ணாடிய நெஞ்சு மேல வச்சுக்கிட்டுப் படுத்துக்கிறேன்," என்றார் அந்த அம்மாள். கழற்றியதையெல்லாம் கீழே பைகளுக்கு நடுவே சொருகினார்கள். கூரை இறங்கியது. இன்னும் இரண்டு விரல்.

இனி மெத்தைதான்.

"தூக்கி வெளிய போடுங்க மாமா. பலகைல படுத்தா ஆகாதா?" என்றார் தம்பி.

"அவளுக்கு இடுப்பு."

"அப்ப எடுத்துக் கீழ வச்சுக்கிட்டுப் போங்க."

"வராது மச்சான். மேல வச்சே ஒட்டினது. இந்த ஓட்டை வழியா முழுசா எறங்காது. எறங்கினாலும் வைக்க எடமில்ல."

தெருவில் கார் ஹாரன் அடித்தது. பிள்ளைகள். தம்பி அக்காவைப் பார்த்தார். லிஃப்ட்காரர் வேனின் படியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அவற்றில் ஒன்றுமில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் சொல்லமுடியாத பரிதாபம் வந்தது. என் ஸ்கூட்டர் ஆயுசுக்கும் வெயிலில் நிற்கட்டும், இந்த வேன் மட்டும் நகர்ந்துவிட்டால் போதும் என்று தோன்றியது.

அந்த அம்மாள் குனிந்து, வேன் ஓரமாக வைத்திருந்த தன் துணிப்பையைக் கையில் எடுத்தார்.

லிஃப்ட்காரர் அந்தப் பையைப் பார்த்தார். எழுந்தார். "ரொட்டி வெட்டுற கத்தி எங்க?"

"வேன்ல," என்றார் மனைவி. பையைக் கீழே வைக்கவில்லை.

கத்தியோடு மேலே ஏறினார். கூரையைத் தூக்கிவிட்டு, மண்டியிட்டு, மெத்தையின்மேல் அளவுநாடாவை வைத்தார். கூரைக்கு நடுவில் கொஞ்சம் தொப்பை உண்டு. அங்கே மட்டும் மெத்தைக்கு இடம் இருக்கும், ஓரங்களில்தான் இடிக்கிறது. தம்பி கீழேயிருந்து, "நேர் பாதியா அறுங்க மாமா," என்றார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திறப்பு வழியாகத் தலையை நீட்டினார்.

"நீ எந்தப் பக்கமாப் பொரளுவ?"

"பொரளுறதா?"

"தூக்கத்துல."

"தூங்குறவளுக்கு எப்படிங்க தெரியும்? முழிச்சுக்கிட்டு வேன நெனச்சுக்கிட்டிருந்தது நீங்கதானே."

அவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். "எடது பக்கம்," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அறுக்க வேண்டிய கோட்டை இன்னும் ஒரு சாண் தன் பக்கமாகத் தள்ளிப் போட்டார். அப்புறம் அறுத்தார். ஃபோம் தூள் திறப்பு வழியாகக் கொட்டி, கீழே நின்ற தம்பியின் தலையில் படிந்தது. மனைவியின் பக்கம் முழுசாக நின்றது. அவருடைய பக்கம் மட்டும் துண்டாகி, சுருண்டு, திறப்பு வழியாக வெளியே வந்து விழுந்தது. மிச்சத்தை நடுவுக்குத் தள்ளினார். இறங்கி வந்து பிடிவாரை இழுத்தார்.

கூரை வந்து உட்கார்ந்தது. ஒரு கொக்கி மாட்டியது. மறு கொக்கியும் மாட்டியது. அவர் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார், மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். யாரும் கைதட்டவில்லை; தட்டினால் எங்கே திறந்துகொள்ளுமோ என்ற பயம்தான்.

"சரிக்கா, அங்க வந்து பாத்துக்கலாம்," என்று தலையைத் தட்டிக்கொண்டே தம்பி காருக்கு நடந்தார்.

அந்த அம்மாள் தரையில் கிடந்த துண்டைக் காட்டினார். "இது?"

"அது என் பக்கம். கெடக்கட்டும் விடு. லிஃப்டுக்கு அடியில பலகைலதானே படுத்து வேலை பாக்குறேன், பழக்கம்தான்."

"அங்க போயிக் கூரையத் தூக்கிட்டா மேல எடம் இருக்கும்ல?"

லிஃப்ட்காரர் மூடிய கூரையை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் கூரைக்குக் கீழேயே குடியிருந்த மனிதருக்கு அந்த யோசனை வரவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. "வைக்க எடம் வேணும்ல," என்றார் கடைசியில், பலவீனமாக.

"மடியில வச்சுக்கிறேன். நீங்க ஓட்டுங்க."

துணிப்பையைப் பைகளின் குவியல்மேல் எறிந்துவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் அந்த ஃபோமை மடித்து அமுக்கிக் கொடுத்தேன். கதவைச் சாத்தியதும் அது மூச்சு வாங்கியதுபோல் விரிந்து, மடியிலிருந்து வேனின் முன்கண்ணாடி வரை நிறைத்துக்கொண்டது. அந்த அம்மாள் இருந்த இடத்தில் இப்போது வெள்ளையாக ஒரு ஃபோம் சுவர்தான் தெரிந்தது. அதன் பின்னாலிருந்து, "ம், எடுங்க," என்று மட்டும் குரல் வந்தது.

வேன் நகர்ந்தது. கேட்டின் மேல்வளைவைச் சிராய்க்காமல் தாண்டியது. தெருவில் திரும்பும் இடத்தில், ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, லிஃப்ட்காரர் மறு கையை நீட்டி அந்த ஃபோமின் தலையில் உள்ளங்கையை வைத்து, மனைவியின் மூக்குக்கண்ணாடி மேலே தெரிகிற வரைக்கும் மெல்ல அமுக்கினார்; அமுக்கிய கையை எடுக்காமலே ஓட்டிக்கொண்டு போனார்.